இஞ்சினில் நின்ற தண்ணீர்

படகைத் தண்ணீரில் இறக்கி முழுதாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நீக்கிலாஸ் இஞ்சினைத் தட்டினான், அது பிடித்தது, கரையில் நின்ற நாங்கள் கை தட்டினோம். அடுத்த நிமிடம் இஞ்சினின் விலாவிலிருந்து தண்ணீர் கசிந்து அடித்தட்டில் தேங்கத் தொடங்கியது. பக்கத்துப் படகுக்காரர், இந்த நாட்டு ஆள் பெந்த், கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஏறிவந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு இரும்பில் ஒரு வெடிப்பு. "ஃப்ரோஸ்ட்" என்றார். மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்: உள்ளே நின்ற தண்ணீர் குளிரில் உறைந்து இரும்பைப் பிளந்திருக்கிறது.

நீக்கிலாஸ் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். யசிந்தா கரையில், எல்லோருக்கும் கொண்டுவந்த றோல்ஸ் தட்டோடு நின்றாள்.

"தண்ணியை வடிச்சுப்போட்டு மூடச் சொன்னனான் எல்லோ. ஒரு திருகாணி. அவ்வளவுதான் உமக்கு வேலை."

"ஓம்" என்றாள் யசிந்தா. "விட்டிட்டன்."

என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, கர்த்தரே நன்றி என்றுதான் தோன்றியது.

நாங்கள் பிழைக்க வந்த இந்தக் குளிர்நாட்டில், ஒடென்சே கால்வாயில் தமிழருக்கு ஐந்து படகுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை நம்பி ஏறலாம். ஐந்துக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அடியில் எந்தப் பெயின்ற் பூசுவது, கயிறு எத்தனை வருடம் தாங்கும், கரையில் உரசாமல் தொங்கவிடப் பழைய டயர் காணுமா என்று யார் கேட்டாலும் முதலில் பதில் போடுகிறவன் நான். பதினொரு வருடமாகப் படகு வைத்திருக்கிறேன் என்பது என் தகுதி. அது பின்புறம் கொழுவும் சின்ன மோட்டார், தூக்கி நிமிர்த்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், உள்ளே பொருத்திய இஞ்சினை நான் கையால் தொட்டதே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி வளர்ந்தவன் இல்லை நான். யாழ்ப்பாணம் பெரியகடையில் அப்பாவின் இரும்புக்கடைப் படிக்கட்டில் பேச்சுப் பழகியவன். அங்கே இரண்டு சொற்களுக்குத் தடை இருந்தது: இல்லை, தெரியாது. சாமான் இல்லாவிட்டால் "நாளைக்கு வருது" என்போம். சாமானைப் பற்றித் தெரியாவிட்டால் "இதைத்தான் இப்ப எல்லாரும் கொண்டு போயினம்" என்போம். தெரியாது என்று சொல்லும் வாயை நம்பி எவன் கதவுப் பிணைச்சல் வாங்குவான்?

போன ஒக்டோபரில் நீக்கிலாஸ் நாரிப் பிடிப்போடு, இடுப்பு நிமிராமல் இரண்டு கிழமை படுக்கையில் கிடந்தான். படகு கரையேறிவிட்டது, குளிருக்கு முன் செய்யவேண்டிய வேலைகள் கிடந்தன. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து யசிந்தாவை அனுப்பினான். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். மன்னார்க் கடலில் பிறந்து வளர்ந்த நீக்கிலாஸ், தொழிற்சாலையில் இருபது வருடம் நின்று சேர்த்த காசில் படகு வாங்கிய அன்று, அவள் மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு கயிறு கட்டப் பழகினாள். பிறகு ஓட்டவும் பழகினாள். அன்றுதான் முதல்முறையாகத் தனியே படகில் ஏறியிருந்தாள்.

எனக்குப் போன் வந்தபோது நான் கடையில், லீக்ஸ் கட்டோடு வரிசையில் நின்றேன்.

"அண்ணை, இந்தத் திருகாணி அசையுதில்லை. இவர் தண்ணியை வடிக்கச் சொன்னவர். அப்பிடியே விட்டால் ஏதும் நடக்குமோ?"

ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குத்தான் வாய் வரவில்லை.

"உப்புத் தண்ணி உறையாது தங்கச்சி. உள்ள தண்ணி நிண்டால் றப்பரும் காயாது. விடுங்கோ."

ஒரு காரணம் சொன்னால் வாடிக்கையாளர் யோசிப்பார், இரண்டு சொன்னால் பையை நீட்டுவார். அதுவும் பெரியகடைப் படிப்புத்தான். அவள் "பெரிய உதவி அண்ணை" என்று போனை வைத்தாள்.

பெப்ரவரியில் கால்வாய் உறைந்தது. பாலத்தால் சைக்கிளில் போகும்போது பார்த்தேன், வாத்துகள் தண்ணீரின் மேல் நடந்து திரிந்தன. அந்தக் கணமே அவளுடைய இஞ்சின் நினைவுக்கு வந்தது. நான் செய்தது, சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்தது.

படகு இறக்கிய அன்று, எங்கள் குழுவில் இன்னொரு படகுக்காரரான யேசுரட்ணம் கரையில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"என்ன நீக்கிலாஸ், வள்ளத்துக்கு உள்ளயும் மீன் வளர்க்கப் போறீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"பொம்பிளையளின்ர கையில இஞ்சினைக் குடுத்தால் உதுதான்" என்றார் அவரே.

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

நீக்கிலாஸ் சிரிக்கவில்லை. கோபமும் அடங்கிப்போன குரலில், "இனி உதுகளில நீர் கை வைக்கவேண்டாம்" என்றான். "வாறதெண்டால் வந்து இரும். அது காணும்."

யசிந்தா தலையசைத்தாள். மற்றக் கையில் சுற்றி வைத்திருந்த கட்டுக் கயிற்றைக் கரைப் பலகையில் மெதுவாக வைத்தாள், அது இன்னொருவருடைய சாமான் போல.

ஆட்கள் கோப்பிக்கு நகர்ந்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் போனேன்.

"தங்கச்சி, நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நிண்டனான்."

அவர்களுடைய மகள் அஜந்தினிக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று கோவிலில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு, பிள்ளைக்காகப் பசாசை விட்டுவிடுகிறேன் என்று உரத்துச் சொன்னவன். அந்த மரியாதையைத்தான் அவள் இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹேர்னிங் ரவுணில எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்றேன். "பழைய இஞ்சின் ஒண்டு பாத்துத் தாறன். செலவை நான் பாக்கிறன், நீக்கிலாஸுக்குச் சொல்லத் தேவையில்லை."

என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே கேட்டது. பேரம்.

"இஞ்சின் ஆர் கேட்டது?" என்றாள். பிறகு தட்டை நீட்டினாள். "றோல்ஸ் எடுங்கோ அண்ணை, ஆறுது."

நான் எடுக்கவில்லை. படகில் இறங்கினேன். நீக்கிலாஸ் இஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டு, நாரியைப் பிடித்தபடி குந்தியிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் வளையம் வளையமாக ஆடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தத்தில் என்னை அறிந்துகொண்டான்.

"அண்ணை, அந்தப் பதின்மூண்டாம் நம்பரை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

பின்னால் கை மட்டும் நீண்டது. ஸ்பானரை எடுத்து அதில் வைத்தேன். வைத்தேனே தவிர, விடவில்லை.

"நீக்கிலாஸ், ஒக்டோபரில யசிந்தா எனக்குப் போன் எடுத்தவ" என்றேன். "வடிக்கத் தேவையில்லை எண்டு சொன்னது நான். எனக்கு அது தெரியாது. தெரியாமல்தான் சொன்னனான்."

உள்ளே சுரண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. முதுகு திரும்பவில்லை. கரையில் யாரோ கோப்பி ஊற்றுவது கேட்டது. ஸ்பானரின் ஒரு முனை அவன் கையில், மற்ற முனை என் கையில். இரண்டு பேரும் இழுக்கவில்லை.