வெண்டல் மாட்டிய பலகைகள்

முதியோர் இல்லத்துச் சலவை வேலையை முடித்துவிட்டுச் சீருடையோடு ஓடிவந்த ரோவீனா, தங்களுக்காகக் கட்டப்படும் வீட்டின் கூடத்துச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். காலை வரை மரச் சட்டமும் ஒயருமாக நின்ற சுவர், இப்போது வெள்ளை ஜிப்சம் பலகைகளால் மூடப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. தேவாலயத்திலிருந்து வீடு கட்டிக்கொடுக்க வந்திருந்த பெரியவர்கள் இடுப்பில் கை வைத்து அதை அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மின்வேலையைச் சோதிக்க, மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் இன்ஸ்பெக்டர் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. ஒயரைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்து விழாது. இன்று தவறினால் இந்த மலைப்பக்கம் திரும்ப வர ஒரு மாதம் ஆகும். ரோவீனா குடும்பம் வாடகைக்கு இருக்கும் டிரெய்லர் வீட்டையோ உரிமையாளர் விற்றுவிட்டார். நவம்பர் முடிவில் காலி செய்தாக வேண்டும். அந்தப் பூஞ்சை பிடித்த டிரெய்லரில் மகள் ஜூனிக்கு மூச்சு இழுக்காத ராத்திரியே கிடையாது. இந்த வீடு நேரத்துக்குக் கைக்கு வராவிட்டால், அவளைத் தூக்கிக்கொண்டு போக வேறு இடமும் கிடையாது.

வேலையை மேற்பார்வையிடும் கஸ், பலகையை இறக்கி அடுக்கினால் போதும், மாட்டாதீர்கள் என்று நேற்றே சொல்லியிருந்தான். இன்று பார்த்து அவன் மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். ஓய்வு பெற்ற நல்லவர்கள் பத்துப் பேரை டிரில்லும் கையுமாக விட்டுவிட்டு, சும்மா இருங்கள் என்றால் இருப்பார்களா?

"எப்பிடி இருக்கு மிஸ் ரோவீனா?" என்றார் வெண்டல் ப்ரூயிட். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். "நீ வர்றதுக்குள்ள முடிச்சு அசத்தணும்னு ஓட்டமா ஓடி மாட்டினோம்!"

"அழகா இருக்கு சார். ஆனா இன்ஸ்பெக்டர் இன்னும் ஒயரப் பாக்கலையே."

"யாரு, இன்ஸ்பெக்டர் ஹாங்க்கா? சண்டே ஸ்கூல்ல எங்கிட்டக் குட்டு வாங்கின பய. நான் ஒரு வார்த்த சொன்னா போதும்."

"அவர் ரிட்டயர் ஆயிட்டாராம் சார். புதுசா ஒரு அம்மா வர்றாங்க."

"அப்ப அந்தம்மாவுக்கு ஓபல் சுட்ட ஆப்பிள் பை ரெண்டு துண்டு குடுப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ஓபல் மட்டும் சிரிக்கவில்லை.

ரோவீனாவின் கணவன் ஆர்லன் டாக்கெட் அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு, ரோ."

"மாட்டும்போது நீ இங்கதான இருந்த?"

"இருந்தேன். என்னன்னு சொல்றது? நம்ம குடும்பத்தத் தேர்ந்தெடுத்த கமிட்டில அவரும் ஒரு ஆளு. பத்திரம் இன்னும் கைக்கு வரல. திமிர் புடிச்சவங்கன்னு அவர் ஒரு வார்த்த சொல்லிட்டா?"

"இன்ஸ்பெக்டர் திரும்பிப் போயிட்டா மட்டும் பத்திரம் வந்துருமா?"

பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் ஏழைக் குடும்பங்களுக்குக் கடனில் வீடு கட்டித்தரும் இந்தத் திட்டத்தில் தன் வீட்டுக்கு முன்னால் பிறர் வீட்டுக்கு உழைத்தாக வேண்டும். அப்படி ஒரு வீட்டில் உழைத்தபோது, மூடிய சுவரை வாசலிலேயே பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் காரைத் திருப்பிக்கொண்டு போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நல்ல மனசெல்லாம் அங்கே செல்லுபடி ஆகவில்லை.

வெளியே லாரியின் பின்தட்டில் கோழிக்கறியும் சோள ரொட்டியும் பரப்பியாகிவிட்டது. வெண்டல் தொப்பியைக் கழற்றி ஜெபத்தை ஆரம்பித்தார். மழைக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, இன்று நின்ற சுவருக்கு நன்றி என்று அது நீண்டுகொண்டே போனது. ரோவீனா ஒற்றைக் கண்ணைத் திறந்து மணி பார்த்தாள். ஒன்று தாண்டியிருந்தது.

ஆமென் சொன்ன கையோடு உள்ளே போனாள். டிரில்லைப் பின்பக்கமாக ஓடவிட்டு முதல் திருகாணியைக் கழற்றினாள். அந்தச் சத்தத்தில் வெளியே பேச்சு நின்றது.

"என்ன பண்ற?" வெண்டல் வாசலில் நின்றார்.

"கழட்டுறேன் சார்."

"காலைலேருந்து முட்டி தேய மாட்டினது அது! இத்தன வருசத்துல நான் செஞ்சத ஒருத்தரும் பிரிச்சதில்ல. ஓசில வந்து உழைக்கிறவங்களுக்கு நீ குடுக்குற மரியாத இதானா?"

ரோவீனா டிரில்லைக் கீழே வைக்காமல் திரும்பினாள். அவமானம் பாதி, கோபம் பாதி.

"உங்க உழைப்பு பெருசுதான் சார். ஆனா ஓசியா வாங்கல. மாசா மாசம் கடன் கட்டப் போறவ நான். இது என் வீடு. எம் பொண்ணு இதுக்குள்ளதான் மூச்சு விடணும். பிரிக்காம நிறுத்த மாட்டேன்."

என் வீடு என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. பின்னால் நின்ற ஆர்லனின் முகம் வெளுத்துவிட்டது.

அடுத்தடுத்த திருகாணிகளும் கழல, பலகை ஒரு பக்கம் விட்டுக்கொண்டு சரிந்தது. உள்ளே மரச் சட்டத்தில், மூடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு வாழ்த்து எழுதும் வழக்கப்படி ஓபல் எழுதியிருந்தாள்: 'இந்த வீட்டில் என்றும் சமாதானம் நிலவட்டும்.'

ஓபலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெண்டல், கண்ணாடியப் போட்டு அதக் கொஞ்சம் வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. விருட்டென்று போய்த் தன் காரில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார். ஓபல் இன்னொரு டிரில்லை எடுத்தாள். ஆர்லன் ஒரு நிமிடம் காரைப் பார்த்தான், ஒரு நிமிடம் மனைவியைப் பார்த்தான். பிறகு வந்து பலகையின் அடியைத் தாங்கிப் பிடித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தட்டை வைத்துவிட்டு வந்தார்கள்.

கடைசிப் பலகை இறங்கும்போதே இன்ஸ்பெக்டரின் கார் வந்துவிட்டது. இளவயதுப் பெண், சிரிக்காத முகம். டார்ச் அடித்து ஒயர் ஒயராகப் பார்த்துக்கொண்டு போனாள். ஜன்னலோரம் ஓரிடத்தில் வெளிச்சம் நகராமல் நின்றது. இன்ஸ்பெக்டர் விரலால் ஒரு கிளிப்பை அசைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். பச்சை ஒப்புதல் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சரியா இருக்கு. வீட்டுக்காரர் யாரு?"

பழக்கதோஷம், எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. வெண்டல் எப்போதோ வந்து அங்கே நின்றிருந்தார்.

"என்னப் பாக்காதீங்க," என்றார், உர்ரென்று. "அவங்க வீடு. அவங்ககிட்டக் குடுங்க."

கார் போன பிறகும் அவர் முகம் இறங்கியே இருந்தது. சாய்த்து வைத்திருந்த பலகை ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ரோவீனாவின் பக்கம் திரும்பினார்.

"இப்ப மாட்டலாங்களா, மிஸஸ் டாக்கெட்?"

குத்தலா மரியாதையா என்று ரோவீனாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் இந்த வீட்டில் ஆணி அடிக்க அவளிடம் உத்தரவு கேட்ட முதல் ஆள் அவர்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மாட்டுங்க சார்," என்று சொல்லி, பலகையின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.