ஓசிப் பாட்டு

"எதுல ரெக்கார்ட் பண்ணீங்க?" என்று பக்தவச்சலம் கேட்டதும் சாலமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாளாகக் காத்திருந்தவன் அவன்.

"ஃப்ரீ சாஃப்ட்வேர் சார். சும்மாவே குடுக்குறாங்க. ஒரு பைசா செலவில்லாம ஆறு பாட்டையும் எங்க மரக்காணத்துலயே முடிச்சிட்டோம்."

பக்கத்து நாற்காலியில் அவன் அக்கா மேரிசெல்வி கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்பளத்தில் நின்று நின்று வெடித்த பாதங்கள். புதுச்சேரியில் ஆடியோ கம்பெனி நடத்தும் பக்தவச்சலத்தின் ஏசி அறையில் அவை குளிரில் மேலும் எரிந்தன. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. இப்போதுதான் அந்த மனிதர் ஆறு பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது பாட்டை மட்டும் திரும்பவும் போடச் சொன்னார். அந்தப் பாட்டில் அவர் விரல் மேசையில் தாளம் போட்டதை அவள் பார்த்தாள்.

அந்த விரல் இப்போது நின்றுவிட்டது.

"ஏம்பா, ஃப்ரீன்னா வீட்ல வச்சு விளையாடுறதுக்கு. கமர்ஷியலா விக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு இந்த சிடி கடைக்குப் போச்சுன்னா சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். லைசென்ஸ் எங்க, பில்லு எங்கன்னு கேப்பான். போலீஸ் வந்து கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிடும்."

சாலமனின் முகம் வெளுத்தது. அந்தக் கம்ப்யூட்டர் அவனுடையது அல்ல. சுனாமிக்குப் பிறகு ஊர் இளைஞர் மன்றத்துக்கு யாரோ கொடுத்தது. மாதா கோயிலை ஒட்டிய அறையில் அதை வைத்துப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பயப்படாத. நான் இருக்கேன்," என்றார் பக்தவச்சலம். "பாட்டு, மெட்டு எல்லாத்தையும் கம்பெனி பேருக்கு எழுதிக் குடுத்துடு. எங்ககிட்ட முறையா வாங்குன சாஃப்ட்வேர் இருக்குது. எங்க ஸ்டுடியோவுல புதுசா எடுத்துக்கறோம். உங்க பேரு எங்கயும் வராது. அதான் உங்களுக்கும் பாதுகாப்பு."

"யாரு பாடுவாங்க?" என்றாள் மேரிசெல்வி. அங்கே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்க ஆளுங்க இருக்காங்கம்மா."

"அப்ப நான் பாடுனது?"

"ஓசியில எடுத்த பாட்டும்மா அது. அதுக்கு யாரு ஓனரு?"

சாலமன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவளை வெளியே இழுத்து வந்தான்.

அந்த மூன்றாவது பாட்டு ஒன்றும் உட்கார்ந்து யோசித்து எழுதியது அல்ல. போன வருஷக் கோடையில் குத்தகைக்காரர் சடையப்பன், செலவைக் குறைக்கிறேன் என்று உப்பளத்துக்குக் குடிதண்ணீர் டேங்கர் வருவதை நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்தான், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது. மூன்று மாத கர்ப்பிணியாக இருந்த அருக்காணி பாத்திக்குள்ளேயே சுருண்டு விழுந்தாள். அவளை வரப்பில் கிடத்தி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தபோது மேரிசெல்வியின் வாயில் அது வந்தது. அழுகையாக வரவில்லை, திட்டாக வந்தது.

உப்பு வெளைய வெயிலு வேணும்
உசுரு நெலைக்கத் தண்ணி வேணும்
வெயிலக் குடுத்தவன் ஆண்டவன்னா
தண்ணியத் தடுத்தவன் யாருடா?

மறுநாள் உப்பு வாரும் பெண்கள் அத்தனை பேரும் அதைப் பாடினார்கள். சடையப்பன் பைக்கில் வந்து இறங்கியபோதும் நிறுத்தவில்லை. அந்த 'யாருடா'வை அவர் முகத்தைப் பார்த்தே பாடினார்கள். வாரம் முடிவதற்குள் டேங்கர் வந்தது. அருக்காணியின் பிள்ளை தங்கவில்லை. அது தனிக் கதை.

அந்தப் பாட்டைத்தான் சாலமன் எதிரொலிக்காமல் இருக்கக் கம்ப்யூட்டர் அறைச் சுவரெல்லாம் உப்புச் சாக்கைத் தொங்கவிட்டு, ஈசிஆர் ரோட்டில் ஹாரன் அடிக்காத இடைவெளியாகப் பார்த்துப் பதிவு செய்தான். லாரி போனால் நிறுத்தினான், காக்கா கத்தினால் திரும்பப் பாட வைத்தான்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "அந்தாளு சொல்றது நெசமாடா?"

"எனக்கு என்னக்கா தெரியும்? இன்ஸ்டால் பண்ணும்போது இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா வந்துச்சு. எல்லாரையும் மாதிரி 'ஒத்துக்குறேன்'னு அமுக்கிட்டேன்."

"என்ன ஏதுன்னு படிக்காமயே ஒத்துக்குவியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் மட்டும் கீதாஞ்சலியைத் தேடிப் போனாள். சாலமனோடு பள்ளியில் படித்தவள். ஆரோவில்லில் ஒரு கம்ப்யூட்டர் யூனிட்டில் வேலை. அந்த சாஃப்ட்வேரைக் காப்பி பண்ணிக் கொடுத்ததே அவள்தான். மேரிசெல்வி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த இங்கிலீஷ் பக்கங்களைத் திறந்து, முழுவதும் படித்த பிறகே வாயைத் திறந்தாள்.

"அந்தாளு பொய் சொல்றாருக்கா. இந்த கண்டிஷன் எல்லாம் சாஃப்ட்வேரையே மாத்தி வெளிய குடுக்குறவங்களுக்கு. அதை வச்சு நீங்க செஞ்ச பாட்டு உங்களோடது. தாராளமா விக்கலாம். ஓசிப் பேனாவுல எழுதுனா எழுதுனது பேனா குடுத்தவனுக்கா சொந்தம்?"

மேரிசெல்விக்கு மூச்சு வந்தது. ஆனால் கீதாஞ்சலி நெற்றியைச் சுருக்கினாள். "ஆமா, டிரம்ஸ் சத்தம் எங்கேர்ந்து போட்டான்?"

ஏதோ கம்ப்யூட்டர் புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து என்று மேரிசெல்விக்கு ஞாபகம். கீதாஞ்சலி தன்னிடமும் அதே சிடி இருப்பதாகச் சொல்லித் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"இதான் சிக்கல். இந்த சத்தங்களை விக்கிற பாட்டுல போடக்கூடாதுன்னு இதுல தெளிவா இருக்குது. ஃப்ரீன்னு சொல்றதெல்லாம் ஒரே ஃப்ரீ இல்லக்கா. எந்தப் பாட்டுல இதப் போட்டானோ அதுலேர்ந்து எடுத்துடச் சொல்லு. போதும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க விப்பீங்கன்னு நான் நெனைக்கலக்கா. சர்ச்சுல, கல்யாணத்துல போட்டுக்குவீங்கன்னு..."

"எங்க பாட்டை யாரு காசு குடுத்து வாங்குவான்னு நெனச்சிட்ட."

கீதாஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். உதவி செய்தவளிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று மேரிசெல்விக்குத் தோன்றியது. தோன்றியும் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஊர் திரும்பியபோது சாலமன் கம்ப்யூட்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தாளு போன் பண்ணாருக்கா. பாண்டியில ரெய்டு நடக்குதாம். இந்தப் பக்கமும் வருவாங்கன்னாரு. போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

"எதுல?"

"அவங்க நீட்டுனதுல."

"என்னக் கேட்டியா?"

"கம்ப்யூட்டரு போச்சுன்னா ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது? அப்புறம், ரெக்கார்ட் பண்ணதும் நான்தான..."

"பாடுனது யாருடா?"

அவள் அவனை அடித்துவிடுவாள் என்றுதான் தெருவில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை. சுவரில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்தாள். ஆணியோடு காரையும் பெயர்ந்து விழுந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பாண்டிக்கு பஸ் ஏறினாள். பக்தவச்சலம் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"உன் தம்பி மனசாரத்தான் எழுதிக் குடுத்திருக்கான்."

"நான் குடுக்கல. பாட்டு என்னோடது. அந்த சாஃப்ட்வேர்ல எடுத்து விக்கலாம்னு அதுலயே எழுதியிருக்குது. தெரிஞ்சேதான ஏமாத்துனீங்க?"

"உன் பாட்டுங்குறதுக்கு சாட்சி இருக்குதா?"

"உப்பளத்துல வந்து கேளுங்க. எல்லாப் பொம்பளையும் சொல்லும்."

அவர் சிரித்தார். "கோர்ட்டுக்கு வந்து சொல்லுவாங்களா? அன்னைக்குக் கூலிய நீ குடுப்பியா?"

மேரிசெல்விக்குக் கோபம் இன்னும் ஏறியது. வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அந்தச் சட்டம் அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

படி இறங்கும்போது கீழ்த்தள அறையிலிருந்து அவள் மெட்டு கேட்டது. கதவைத் தள்ளினாள். காதில் ஹெட்போன் மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி கையில் தாளோடு பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல். 'உப்பு வெளைய வெயிலு வேணும், உசுரு நெலைக்க நீயும் வேணும்' என்று குழைந்து குழைந்து பாடினாள்.

மேரிசெல்விக்குக் கண் இருண்டது. அருக்காணியை வரப்பில் கிடத்தி விசிறிக்கொண்டு கத்தியதை இப்படியும் கொஞ்ச முடியுமா?

அந்தப் பெண் பாட்டை நிறுத்தினாள். "யாரு வேணும்க்கா?"

"அது 'நீயும்' இல்ல. தண்ணி."

பெண் தாளைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "இதுல 'நீயும்'னுதான்கா இருக்குது."

அவளை என்ன சொல்ல முடியும்? மேரிசெல்வி கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் ஒன்றுதான் சொன்னாள். "டிரம்ஸ எடு. எத்தனை சிடி போட முடியுமோ அத்தனை போடு." கம்ப்யூட்டர் போய்விட்டால் என்ன செய்வது என்று அவன் இந்த முறை கேட்கவில்லை. தாளம் இல்லாத இடத்தில் வெறும் குரல் மட்டும் நின்றது. முன்பு எடுத்ததைவிட அது கரடுமுரடாக இருந்தது. மரக்காணத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்த மைக் செட் கடைகளுக்கெல்லாம் அவளே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். காசு வேண்டாமா என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றாள். அவளுக்குக் காசு வேண்டும். தன் குரலை விற்று ஒரு நாளாவது நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். விற்க விடாமல் செய்த பக்தவச்சலத்தின் மேல் எழுந்த கோபத்தில்தான் அதை இப்படி வாரி இறைத்தாள்.

கம்பெனி சிடி அடுத்த பொங்கலுக்கு வந்தது.

மாசியில் ஒரு நாள், கூனிமேட்டு மைக் செட் கடையில் சிடி கொடுத்துவிட்டு மெட்ராஸ் போகிற பஸ்ஸில் ஏறினாள். உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் அது வந்தது. புல்லாங்குழல், தபேலா, அந்தச் சின்னப் பெண்ணின் குரல். 'நீயும் வேணும்.' முன் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது.

அவள் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து டிரைவர் வரைக்கும் போனாள்.

"அண்ணே, இதை நிறுத்துங்க."

"ஏம்மா? நல்லாத்தான இருக்குது?"

"இது நான் கட்டுன பாட்டு. திருடிட்டாங்க. இதைப் போடுங்க," என்று பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டினாள். டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, பேசாமல் கண்டக்டரிடம் கண்ணைக் காட்டினார்.

புல்லாங்குழல் பாதியில் நின்றது. இரைச்சலுக்குப் பிறகு அவள் குரல் மொட்டையாக எழுந்தது. பேச்சு அடங்கியது. பின்னாலிருந்து ஒருத்தர், "என்னப்பா இது, ஒப்பாரியா? பழசையே போடு," என்றார். இன்னொருத்தர் "சும்மா இருய்யா, கேப்போம்," என்றார். அதற்குள் மரக்காணம் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தான்.

இறங்கினாள். சிடியைத் திருப்பி வாங்கத் தோன்றவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வடக்கே நகர்ந்தது. ரோட்டின் இருபுறமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. நடுவில் அந்த பஸ் திறந்த ஜன்னல்களோடு போய்க்கொண்டிருந்தது. அவள் குரல் 'தண்ணியத் தடுத்தவன்' வரைக்கும் கேட்டது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. அங்கே யாராவது அதை மாற்றிவிட்டார்களா, இல்லை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல், இடுப்பில் கை வைத்தபடி, பஸ் ஒரு புள்ளியாகும்வரை அதை முறைத்துக்கொண்டு நின்றாள்.