ரெண்டு சொன்னதும் தூக்கியவர்கள்

“ஒண்ணு… ரெண்டு…”

சவப்பெட்டியின் இடப்பக்கம் சட்டென்று உயர்ந்தது. வலப்பக்கம் அப்படியே இருந்தது. உள்ளே தன் கணவர் ராஸ்கோ சரியும் ஓசை கேட்டு வெர்னெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மூணு சொன்னப்புறம்தானே தூக்கணும்!” சடங்கு நடத்துபவர் பதறினார்.

“ஆட்டத்துல எங்க டீம் பாயுறதுக்கு எப்பவுமே ரெண்டுதாங்க கணக்கு,” என்று தலைகுனிந்தார் கிளீவ்லன். இடப்பக்கம் நின்ற மூவரும் ராஸ்கோவோடு கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கிழவர்கள். “ரெண்டுன்னு காதுல விழுந்தா உடம்பு தானா எழும்பிடுது.”

வலப்பக்கம் நின்ற ராஸ்கோவின் அண்ணன் மகன் ஒருவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஆள் போதாதும்மா. பின்வாசல் வழியா வண்டியில வச்சுத் தள்ளிடலாம்,” என்றார் சடங்கு நடத்துபவர்.

ராஸ்கோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘என்னை உருட்டிக்கிட்டுப் போயிடாதே, வெர்னெல். மனுஷங்க கையால போகணும்.’

பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி கிடைக்கும்படி முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தள்ளுவதுதான் ராஸ்கோவின் வேலை. நான்கு வருடத்தில் பந்தைத் தொட்டதில்லை. செய்தித்தாளில் ஒருமுறைகூடப் பெயர் வந்ததில்லை. பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டியே காலம் போயிற்று.

கடைசி பெஞ்சிலிருந்து நெடிய கிழவர் ஒருவர் எழுந்து வந்தார். “நான் பிடிக்கலாமா, தங்கச்சி?”

“அடேய் லெமுவேல்!” கிளீவ்லன் கண்களைச் சுருக்கினார். “ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காலேஜ்காரனுக்கு இங்க என்னடா வேலை? எங்க ரெண்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாம என்ன? ரெண்டு சொல்லி வாய மூடுறதுக்குள்ள இவன் தோள் என் நெஞ்சுல இருக்கும்.” லெமுவேல் பெட்டியைக் காட்டிவிட்டு வெர்னெல் பக்கம் திரும்பினார். “எங்கம்மா செத்த வாரம் ஆட வந்தேன் தங்கச்சி. எப்படியோ இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்காக விட்டானா? அன்னைக்குப் பூரா மண்ணுலதான் கிடந்தேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கை குடுத்துத் தூக்கிவிட்டு, ‘உங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்’னு காதுல சொன்னான்.”

ராஸ்கோ இதை அவளிடம் சொன்னதே இல்லை. செய்த நன்மையை வீட்டுக்குச் சுமந்து வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. ‘இப்படிப்பட்டவரை எனக்குக் கொடுத்தீரே, ஆண்டவரே’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“பிடிங்க அண்ணா.” பிறகு சடங்கு நடத்துபவரைப் பார்த்தாள். “ஐயா, நீங்க ரெண்டோட நிறுத்திக்குங்க.”

மூன்று நாளில் முதல்முறையாக அவள் உதடு சிரிப்பில் நெளிந்தது.

“ஒண்ணு… ரெண்டு.”

பெட்டி ஒரே சீராக எழுந்தது.

“செத்தும் எடை குறையலையேடா!” என்று முனகினார் கிளீவ்லன்.

தேவாலயப் படிகள் ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கிழவர்கள் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த கைத்தடிகளை எல்லாம் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, வெர்னெல் பின்னால் இறங்கினாள்.