காலியாகத் திரும்பாத டப்பா

கேதகி ஆறு வருஷத்தில் ஆறு வீடு மாறியிருந்தாள். புணேயில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். பிடித்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்வார்கள். அவள் எந்த வீட்டிலும் மறுபடி போட்டதில்லை. ஆண்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஏழெட்டு மாதத்தில் அவர்கள் "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள், இவள் விலகிவிடுவாள். குட்டியைக் கவ்விக்கொண்டு வீடு மாறும் பூனை என்று தோழி ருதா கிண்டல் செய்வாள். எனக்குத்தான் குட்டியே கிடையாதே என்பாள் கேதகி.

சதாசிவ் பேட்டுக்குக் குடிவந்த அன்று எதிர்வீட்டு நிரஞ்சன் லிமயே ஒரு எவர்சில்வர் டப்பாவில் போஹே என்கிற அவல் உப்புமா கொண்டுவந்து கொடுத்தான். நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவன், அதிகம் பேசாதவன். அந்தப் பேட்டையில் யாரும் டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை. சமைக்கத் தெரியாத கேதகி, கடையில் கடலை மிட்டாய் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். அத்தோடு விட்டது என்று நினைத்தாள். மறுநாளே டப்பா ஜவ்வரிசிக் கிச்சடியோடு திரும்பி வந்தது. வாழைப்பழம் வைத்தாள், உசல் என்கிற அவரைக்கொட்டைக் கறி வந்தது. ஒருமுறை மூன்று வாரம் வேண்டுமென்றே திருப்பித் தராமல் இருந்தாள். அவன் கேட்கவேயில்லை. மாடிப்படியில் பார்த்தபோது சிரித்தான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நாடகத்துக்குப் போனாள். கடைசிக் காட்சியில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவள் மேல் விழுந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எப்போது குறையத் தொடங்கியது என்று அரங்கில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அழுகிறவளை அவசரப்படுத்தாத ஒரு கை எங்கோ இருட்டில் இருந்தது. கேதகி மேடையைவிட்டுத் திரும்பி, பின்சுவரில் விளக்குகளை இயக்கும் அறையின் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயந்துபோய், மறுநாளே ஆற்றுக்கு அப்பால் வேறு வீடு பேசினாள்.

ஒப்பந்தம் முடிந்து காலி செய்ய வேண்டியதற்கு முதல் நாள் காலை, டப்பாவைக் கழுவித் துடைத்து, ஒன்றும் வைக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அப்படிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பது அவள் எண்ணம். அவன் வாங்கித் திறந்து பார்த்தான். மூடி அவளிடமே நீட்டினான்.

"காலியா நான் வாங்கிக்கிறதில்ல," என்றான். "போற இடத்துக்கு எடுத்துட்டுப் போங்க."

"அப்புறம் எப்படித் திருப்பித் தர்றது?"

"தரணும்னு தோணுறப்ப தாங்க."

எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்று கேட்கவில்லை. கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மடியில் டப்பாவோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தாள் கேதகி. ஒருவன் கேட்கவில்லையே என்று அவளுக்கு இதுவரை கோபம் வந்ததேயில்லை. இன்று வந்தது. அந்தக் கோபம் தணிந்தபோது, "அடுத்து என்ன?" என்று கேட்டது அவள் குரல்தான்.

இப்போதிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்தாள்.

சாயங்காலம் அவன் கதவைத் தட்டி டப்பாவை நீட்டினாள். உள்ளே மூன்றாக மடித்த புது ஒப்பந்தம் இருந்தது. அவன் பிரித்து, அவசரமில்லாமல், கையெழுத்து வரைக்கும் படித்தான்.

"பதினோரு மாசமா?"

"அதுக்கு மேல போடத் தெரியாது எனக்கு. நீ கத்துக் குடு."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். திருப்பித் தர வேண்டிய முறை அவனுடையது. கடுகு வெடித்தது. யார் வாசலிலும் காத்து நின்றறியாத கேதகி, நிலையில் சாய்ந்தபடி காத்திருந்தாள்.