விற்காத முதுகு

எங்கள் கண்காட்சிக்குக் கிடைத்த இடம் சியோலில் மூடிப்போன ஒரு பொதுக் குளியல் கூடம். அடுத்த மாதம் இடிக்கப்போகிறோம், மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கட்டடக்காரர். ஓடு பதித்த சுவரில் ஆணி இறங்கவில்லை. நானும் என்னோடு வரைகிற கும்நான் அக்காவும் ஒரு பகல் முழுக்கக் கம்பி கட்டி, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே படங்களை மாட்டினோம். என் படங்களில் பூனைகள்; அவள் படங்களில் குளிக்கும் கிழவிகள்.

"ஏய் பொரா, உன் பூனைங்க எல்லாம் வெந்நீர்த் தொட்டிப் பக்கம் இருக்கட்டும். கீழ விழுந்தா குளிச்சிட்டாவது போகும்" என்றாள் அக்கா.

"உன் கிழவிங்க மட்டும் என்னவாம்? அதுங்க பாதி நேரம் தொட்டியிலதான கெடக்குதுங்க!"

அவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு எத்தனை நாளுக்கு என்று எனக்குத் தெரியும். குவாங்ஜுவில் அவள் அண்ணன் கோழி வறுவல் கடை வைத்திருக்கிறார். "முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள், ஒரே ஒரு படம் வாங்கட்டும். அப்புறம் நீ வரையறதப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழம வந்து கடையில நில்லு" என்று சொல்லியிருந்தார். இவளும் சரி என்றுவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதக்காரிக்கு.

விற்ற படத்தின் பெயர்ச்சீட்டில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது எங்கள் தொழில் வழக்கம். முதல் நாளே என் படங்களில் நான்கு புள்ளி. வாங்கியது யார்? என் சித்தி மகள், அவள் தோழிகள், என்னிடம் வரையப் பழகும் பிள்ளைகளின் அம்மாக்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. அக்காவின் பக்கம் ஒன்றுகூட இல்லை. என்னைவிட நூறு மடங்கு நன்றாக வரைகிறவள்.

இரண்டாம் நாளும் மதியம் தாண்டிவிட்டது. அக்கா சாப்பிடக் கிம்பாப் சோற்றுச் சுருள் வாங்கப் போனாள். பெரிய கூடங்களிலேயே விற்காத படத்துக்குப் புள்ளி ஒட்டிவைப்பதுண்டு. அதைப் பார்த்து அடுத்தவருக்கும் வாங்கத் தோன்றும் என்ற நினைப்பு. எனக்கும் அந்தப் புத்திதான் வந்தது. அவளுடைய ஆகச் சிறந்த படத்தில் ஒட்டினேன். எங்கள் ஊர்க் குளியல் கூடங்களில் மகள்கள் தேய்த்துவிடுவார்களே, அப்படித் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன ஒரு கிழவியின் முதுகு, அவ்வளவுதான் படம். கடைசி நாள் யாரோ ஒருவர் பெயரில் நானே பணம் போட்டு அதை வாங்கிக்கொள்வதாக இருந்தேன்.

"கண்ணாடி போட்ட ஒரு ஆளு அக்கா. நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னார்" என்று அவள் திரும்பி வந்ததும் அளந்துவிட்டேன்.

"தெரிஞ்சவங்களா?"

"சத்தியமா இல்ல."

கிம்பாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டு, "கோழிய நீயே வறுத்துக்கோ!" என்று கத்தினாள். எனக்குப் பாவமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. நல்லது செய்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தின்றேன். என்னை எதால் அடிப்பது?

மூன்றாம் நாள் பிற்பகல் பெட்டிகள் வாங்கப் போய்த் திரும்பினேன். அக்கா வாசலிலேயே ஓடிவந்தாள்.

"அடியே, கேளுடி! ஒரு பொம்பள வந்தா. முதுகு முன்னாடி நாப்பது நிமிஷம் நின்னா. நகரவே இல்ல. இப்பவே வாங்கிக்கறேன்னா!"

"நீ என்ன சொன்ன?"

"வித்துப்போச்சும்மான்னேன். வேற எதுவும் அவளுக்கு வேண்டாமாம். அதேதான் வேணுமாம். கெஞ்சுனா. வாக்குக் குடுத்தாச்சு, மாத்தமுடியாதுன்னுட்டேன்." அவள் முகம் மின்னியது. "ஒரே படத்துக்கு ரெண்டு பேரு பொரா! என் படத்துக்கு!"

பெட்டிகளைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். சுரங்க ரயில் வாசல் வரை ஓடினேன். யாரை என்று தேடுவது? முகம்கூட எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசி வரி அவளுடையது. யுன் என்று குடும்பப் பெயர் மட்டும். தொலைபேசி எண் இல்லை. கீழே எழுதியிருந்தாள்: 'என் அம்மாவின் முதுகை ஒருமுறையாவது நான் தேய்த்திருக்க வேண்டும். வாங்கியவர் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.'

ஆறு மணி வரை அக்கா கண்ணாடிக்காரருக்காகக் காத்திருந்தாள். படத்தைத் துணியில் சுற்றி, கயிறுகூடக் கட்டிவிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பதிவேட்டை வாங்கி அந்த வரிகளை இரண்டு முறை படித்தாள்.

"நாப்பது நிமிஷம்டி" என்றாள்.

"அக்கா, தேடிக் கண்டுபிடிக்கலாம். நான்..."

"யுன்னு இந்த ஊர்ல எத்தன பேரு?"

"உங்க அண்ணன்கிட்ட நடந்தத சொல்லு. அந்தம்மா வாங்க வந்தாங்கதானே?"

"வந்தா. வாங்கலயே."

கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தன் மற்றப் படங்களை மட்டும் பெட்டியில் அடுக்கினாள். துணி சுற்றிய படத்தைத் தூக்கி வந்து என் காலடியில் சாய்த்துவைத்தாள்.

"இத நீ எடுத்துக்கோ. உனக்குத்தான வித்துருக்கு."

திங்கட்கிழமை காலை அவள் குவாங்ஜுவுக்கு ரயிலேறிவிட்டாள்.