வண்டி பேட்டரி

எதெல்வினா மின்சாரம் எடுக்கும் காற்றாடி செய்ய நினைத்தது விளக்குக்காக அல்ல, ரேடியோவுக்காக. எங்கள் சூபுத் மாகாணத்து மேட்டு நிலத்தில் போன் கிடையாது. கரையோர நகரத்து ரேடியோதான் தினமும் மதியம் எங்களுக்கு வந்த செய்திகளை வாசிக்கும். இன்னாருக்கு ஆபரேஷன் முடிந்தது, இன்னார் குதிரை அகப்பட்டது என்று. யாருக்கு வந்தாலும் எல்லோரும் கேட்போம்.

அவளுடைய மகள் மிர்த்தா அந்த நகரத்தில்தான் இருந்தாள். கல்யாணமாகாமல் கர்ப்பமானதற்காக அப்பன் லீனோ அவளை வீட்டை விட்டுத் துரத்தியிருந்தான். அவளிடமிருந்து ஒரு சொல் வருவதென்றால் ரேடியோவில்தான் வர வேண்டும். ரேடியோ செல்களோ தீர்ந்துவிட்டன. கொட்டகையில் லீனோவின் பழைய பிக்கப் வண்டி மட்டும் பேட்டரி செத்துக் கிடந்தது.

எதெல்வினா ஒரு பழைய லாரி டைனமோவைப் பிரித்து, மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும்படி மெல்லிய கம்பியால் மறுபடி சுற்றினாள். மிர்த்தாவின் கட்டில் பலகையை இழைத்து இரண்டு இறக்கைகள் செய்தாள். தகரத்தில் வால். அந்த வாலை மடக்க ஒரு கயிறு. இழுத்தால் காற்றாடி காற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும்.

"காத்து நம்மளப் பைத்தியமாக்குனது போதாதா கிழவி? அதுக்கு ரெக்கை வேற செஞ்சு குடுக்கணுமா?" என்றான் லீனோ.

"உன்னை மாதிரி இல்ல கிழவா, அது வேலை செய்யும்."

வேலை செய்தது. வண்டியிலிருந்து கழற்றி இணைத்த பேட்டரி மெல்ல உயிர் பிடித்தது. ரேடியோ பேசிய முதல் வாரத்திலேயே செய்தி வந்தது: "எதெல்வினா அம்மாவுக்கு, மகள் மிர்த்தா. பெண் குழந்தை. இருவரும் நலம்." எதெல்வினா எழுந்து நின்று, யாருமில்லாத சமையலறையில் கைதட்டினாள். மாலையில் லீனோவிடம் சொன்னாள். அவன் மாத்தே கஷாயத்தை உறிஞ்சினான். பிறகு கேட்டான்: "அப்போ பேட்டரி நல்லாயிடுச்சா?"

"அதுல கை வைக்காத. அப்படியே எடுக்கணும்னாலும் மொதல்ல வாலை மடக்கிக் கட்டு. பேட்டரி இல்லேன்னா பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்லாம காத்தாடி வெறி புடிச்சு சுத்தும்."

"என் வண்டி. என் பேட்டரி. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

செவ்வாய்க்கிழமை அவள் ஆடுகளோடு போயிருந்த நேரத்தில் அவன் பேட்டரியைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு ஊருக்குச் சீட்டாடப் போய்விட்டான். வாலை மடக்கவில்லை. அவள் திரும்பும்போது காற்றாடி ஓலமிட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். அது உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. ஒரு இறக்கை முறிந்து பறந்து, கோழிக்கூண்டின் தகரத்தைக் கிழித்து உள்ளே விழுந்தது. இன்னொன்று கம்பத்தில் மோதிச் சிதறியது.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் புது இறக்கை இழைத்தாள். ரேடியோ ஊமையாக அலமாரியில் இருந்தது.

சனிக்கிழமை பக்கத்துப் பண்ணை ஆபெல், ஆட்டுத்தொடை ஒன்றைச் சேணத்தில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எங்கேம்மா அந்தக் குட்டி? பாக்கலாம்னு வந்தேன்."

"எந்தக் குட்டி?"

"பேத்திதான்! தூங்குதா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் ஆபெல் தொப்பியைக் கழற்றினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். செய்தி புதன்கிழமை வந்ததாம். வியாழக்கிழமை பஸ்ஸில் குழந்தையோடு வருகிறேன், சாலைப் பிரிவுக்குக் குதிரை கொண்டு வா அம்மா என்று. மேட்டு நிலம் முழுக்கக் கேட்டது. எதெல்வினாவும் கேட்டிருப்பாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பிரிவில் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.

ஆபெலும் அவளும் குதிரையில் போய்ப் பார்த்தார்கள். சாலை வேலைக்காரன் ஒருவன் சொன்னான்: வியாழக்கிழமை பொழுது சாயும்வரை ஒருத்தி குழந்தையைப் போர்வைக்குள் பொதிந்துகொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள், பிறகு கரைப்பக்கம் போன லாரியில் ஏறிப் போய்விட்டாள்.

லீனோ ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக வந்தான். "வண்டி ஒரே முறுக்குல கிளம்பிடுச்சு கிழவி! உன் காத்தாடி கெட்டிதான்!"

"நீ சீட்டாடுன மதுக்கடையில ரேடியோ இருக்கில்ல?"

அவன் வண்டிக் கதவைச் சாத்தினான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டும்?"

"நீயும் கேட்டிருப்பே, போயிருப்பேன்னு நெனச்சேன்."

"எதுல கேட்பேன்? உன் வண்டிக்குள்ள இருந்த பேட்டரியிலயா?"

"நல்ல சீட்டு வந்துருந்துச்சு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் அவள் ஊருக்குப் போய், மிர்த்தா வேலை பார்த்த வீட்டுக்குப் போன் செய்தாள். அந்த வீட்டு அம்மாள், மிர்த்தா வெள்ளிக்கிழமையே சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றாள். ரேடியோவில் சொல்லலாம் என்றால், அந்தச் செய்திகளை நகரத்தில் யாரும் கேட்பதில்லை. அவை எங்களுக்காக மட்டுமே வாசிக்கப்படுபவை.

காற்றாடி இப்போது மறுபடி சுற்றுகிறது. பேட்டரியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். சாவி அவள் கழுத்தில். மதியம் ரேடியோ வாசிக்கும்போது லீனோ வாய் திறந்தால் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அவன் ஊருக்குப் போக வேண்டுமென்றால் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் மேட்டு நிலத்தில் இறக்கம் என்பதே கிடையாது.