நாற்பத்தொன்றாம் பாட்டு

ஆர்கன் இருக்கும் மாடத்துக்குப் போகிற மரப்படிகளில் சின்னு இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். துக்க வீட்டுப் பெண் இப்படியா ஏறுவாள் என்று கீழே யாராவது முகம் சுளித்திருப்பார்கள். சுளிக்கட்டும். ஆலயத்தின் நடுவே, பெட்டிக்குள் சித்தி படுத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஆறு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவள். சின்னுவின் கையில் சித்தி எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு எண்: 41.

நான்கு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் வைத்து அதைக் கொடுத்தாள்.

"இத அண்ணன்கிட்ட குடு. என் அடக்கத்துக்கு இந்தப் பாட்டுதான். நம்பர மட்டும் சொல்லு, வேற வாயே திறக்காத."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து முறைத்த பிறகுதான் அடங்கியது. சாகக் கிடக்கிறவளுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று சின்னுவுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அண்ணன் என்றது பெரிய மாமாவை. கணக்கு வாத்தியாராக இருந்தவர். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நானூறு பாட்டுக்கும் நம்பர் சொல்லுவார். அந்தப் பெருமையில்தான் அவருக்குப் பாதி உயிர். சபையில் இந்த வருஷம் புதுப் புத்தகம் வந்து வரிசையெல்லாம் மாறியபோது, "எனக்கெதுக்கு அது?" என்று தொடக்கூட இல்லை. இன்று ஆலயத்தில் சீட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"நாப்பத்தொண்ணா? எங்கம்மாவ அடக்கம் பண்ணப்போ பாடினதாச்சே. நல்லதாத்தான் சொல்லிட்டுப் போயிருக்கா. ஆர்கன்காரர்கிட்ட குடுத்துட்டு வா."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து பெஞ்சில் கிடந்த புதுப் புத்தகத்தைச் சின்னு புரட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்று, கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் பாடுகிற முதல் பாட்டு. சாவுக்குப் பாடினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். சித்தியின் சிரிப்பு இப்போது விளங்கிவிட்டது. எழுந்தவள் படியில்தான் வந்து நின்றாள்.

முப்பத்தொரு வருஷம் கிறிஸ்துமஸ் காலை டிப்போவில்தான் விடிந்தது சித்திக்கு. "உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?" என்று பிள்ளைகுட்டிக்காரர்கள் எல்லாரும் தங்கள் டியூட்டியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். அவளும் முணுமுணுக்காமல் ஆறு மணி பஸ்ஸை அனுப்பிவிட்டு, "இந்நேரம் அங்க முதல் பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம். இந்த வருஷம் ஓய்வு. புதுப் புடவை எடுத்தாயிற்று, ஜாக்கெட்டும் தைத்தாயிற்று. "முதல் பெஞ்சுல உக்காந்து தொண்டை கிழியப் பாடப்போறேன், பாரேன்." இருபத்தொரு நாள் பாக்கி இருக்கும்போது போய்விட்டாள்.

சின்னுவும் அதே கட்சிதான். இருபத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கல்யாணம் இல்லை. பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போனாலும் ஹாலில் குழந்தைகளோடு படுக்கை, சாப்பாடானதும் பாத்திரம் கழுவல், நடுவே "உனக்கு எப்போ?" ஜெபம் பண்ணுவதெல்லாம் பஸ்ஸில், கண்ணை மூடினால் இறங்கும் இடம் போய்விடும் என்று திறந்த கண்ணோடேயே பண்ணுவாள். கர்த்தர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பியிருந்தாள். இன்று காலை கடை மேனேஜரிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள், இருபத்தைந்தாம் தேதி காலை வழக்கம்போல நீங்கள்தானே?

ஆர்கன்காரர் சீட்டை வாங்கினார். புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது கிறிஸ்துமஸ் பாட்டும்மா. மாமா பழைய நம்பர சொல்லியிருப்பாரு. அது இதுல இருநூத்தி எட்டு. அதையே வாசிச்சிடறேன், விடு."

சித்தியும் பழைய புத்தகத்தை நினைத்தே எழுதியிருந்தால்? அவ்வளவுதான், குடும்பத்தில் ஒருத்தரும் சின்னுவின் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்லண்ணா. நாப்பத்தொண்ணுதான்."

"மாமா கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

 ஆர்கன்காரர் விரலைச் சொடுக்கிக்கொண்டார். அவருக்கும் ஆசைதான் போலிருக்கிறது.

சின்னு இறங்கி மாமா பக்கத்தில் வந்து நின்றாள். முதல் சுரம் விழுந்ததும் மாமா அழுகைப் பாட்டுக்காக வாயைத் திறந்தார், திறந்த வாய் அப்படியே நின்றது. சபை திகைத்தது. போதகர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். யாரும் பாடவில்லை. சின்னு பாடினாள். ஒற்றைக் குரல், அதுவும் கொஞ்சம் சுதி விலகி. ஒரு முழு அடி அவள் தனியாகத்தான் பாடினாள்.

இரண்டாம் அடியில் பின்னாலிருந்து குரல்கள் வந்து சேர்ந்தன. கடைசி பெஞ்சுகளில் காக்கிச் சட்டையோடு வந்திருந்த டிரைவர்களும் கண்டக்டர்களும். மற்றப் பாட்டெதுவும் தெரியாது, இது மட்டும் தெரியும் அவர்களுக்கு. இத்தனை வருஷம் சித்தியின் தயவில் அந்த நாள் காலையில் ஆலயத்தில் இருந்தவர்கள் ஆயிற்றே. மூன்றாம் அடிக்கு ஆலயமே பாடியது. யாரோ தன்னை மறந்து கைதட்டிவிட்டு நிறுத்த, வேறு யாரோ தொடர்ந்து தட்டினார்கள். சின்னு அழுதுகொண்டே சிரித்தாள். இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எந்தக் கிறிஸ்துமஸிலும் வந்ததில்லை.

மாமா மட்டும் கடைசிவரை பாடவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் கையை நீட்டினார்.

"அந்தச் சீட்டு எங்க?"

கொடுத்தாள். திட்டு வாங்க முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். மாமா அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினார்.

"பழைய புத்தகம் அவகிட்ட ஏது? என்னோடது கிழிஞ்சிடுச்சுன்னு போன வருஷமே அவளோடத என்கிட்ட குடுத்துட்டாளே. புதுசப் பாத்துத்தான் எழுதியிருக்கா." மூக்கை உறிஞ்சினார். "கணக்கு வாத்தியார நம்பர்லயே கவுத்துட்டா, திருட்டுக் கழுதை."

 சின்னு போனை எடுத்து மேனேஜருக்குத் தட்டினாள். இருபத்தைந்தாம் தேதி காலை வர முடியாது, பாட வேண்டியிருக்கிறது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது மாமா அவள் கையிலிருந்த புதுப் புத்தகத்தை உருவிக்கொண்டு முன்னே நடக்கத் தொடங்கியிருந்தார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை, புத்தகத்தை எட்டப் பிடித்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நம்பராக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.